பீரோவின் சாவி யாரிடம்?

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் முடிவில் ஓர் அட்டவணை இருக்கிறது. ஒரு பள்ளிக்கு என்னென்ன வேண்டும் என்று அது வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறது: வகுப்பறை, குடிநீர், கழிப்பறை, விளையாட்டுத் திடல், சுற்றுச்சுவர். அந்த வரிசையில் நூலகமும் வருகிறது. நாளிதழ்கள், பருவ இதழ்கள், எல்லாப் பாடங்களுக்குமான நூல்கள், கதைப் புத்தகங்கள் ஆகியவை கொண்ட ஒரு நூலகம் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டம் கதைப் புத்தகங்களை மறக்காமல் சேர்த்தது பாராட்டத்தக்கது. ஆனால் அந்தப் புத்தகங்களைக் குழந்தையின் கையில் எடுத்துக் கொடுக்கப்போவது யார்? அதைப் பற்றி அட்டவணையில் ஒரு சொல்லும் இல்லை.

கடந்த நாற்பது ஆண்டுகளில் பல நாடுகளில் நடந்த நூலக ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால், அவை திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டுவது சட்டம் விட்டுவிட்ட இந்த இடத்தைத்தான். புத்தகம் வேண்டும், கட்டடம் வேண்டும். அவை இருந்தும் வாசிப்பு வளராமல் போன பள்ளிகள் உண்டு. சாதாரணக் கட்டடத்தில் சில நூறு புத்தகங்களோடு வாசிப்பு வளர்ந்த பள்ளிகளும் உண்டு. இந்த வேறுபாட்டுக்கு என்ன காரணம் என்பதைத்தான் இந்தக் கட்டுரை தேடுகிறது.

பூட்டுக்கு ஒரு காரணம் உண்டு

தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் நூலகம் என்பது தலைமையாசிரியர் அறையில் நிற்கும் ஓர் இரும்பு பீரோ. அதிலுள்ள ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்திலும் பள்ளியின் ரப்பர் முத்திரை இருக்கும். அதன் கீழே பேனாவால் எழுதிய வரிசை எண் இருக்கும். அதே எண் இருப்புப் பதிவேட்டில், விலையோடும் வாங்கிய தேதியோடும் பதிவாகியிருக்கும். இன்னொரு நோட்டு, புத்தகம் எடுத்துச் செல்லும் மாணவரின் பெயரும் வகுப்பும் எழுதும் வழங்கல் பதிவேடு. இந்த இரண்டில் எது அதிகம் கசங்கியிருக்கிறது என்று பார்த்தாலே அந்த நூலகத்தின் நிலை தெரிந்துவிடும்.

பீரோவைப் பூட்டி வைக்கும் ஆசிரியரைக் குறை சொல்வது எளிது. அவருடைய பயம் நியாயமானது. தணிக்கைக்கு வருகிறவர் கேட்பது இருப்பு சரியாக இருக்கிறதா என்பதைத்தான். எத்தனை குழந்தைகள் எத்தனை புத்தகங்களைப் படித்தார்கள் என்று அவர் கேட்பதில்லை. ஒரு புத்தகம் காணாமல் போனாலோ கிழிந்தாலோ பதில் சொல்ல வேண்டியவர், நூலகப் பொறுப்பைக் கூடுதல் வேலையாகச் சுமக்கும் அந்த ஆசிரியர்தான். புத்தகத்தை வெளியே விட்டால் ஆபத்து, உள்ளே வைத்தால் பாதுகாப்பு என்ற நிலையை நிர்வாகமே உண்டாக்கி வைத்திருக்கிறது.

இதற்கான தீர்வும் அரசின் விதிகளிலேயே இருக்கிறது. ஒன்றிய அரசின் பொது நிதி விதிகளின்படி, ஓர் ஆண்டில் வழங்கப்படும் அல்லது பார்க்கப்படும் ஒவ்வோர் ஆயிரம் நூல்களுக்கும் ஐந்து தொலைந்து போவது ஏற்கத்தக்க இழப்பு. அலட்சியமோ நேர்மைக் குறைவோ காரணமாக இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூலும் அரிய நூலும் தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரிக்க வேண்டும். புத்தகம் புழங்கினால் கொஞ்சம் தொலையும், கொஞ்சம் கிழியும் என்பதை நிதித் துறையே ஒப்புக்கொண்டிருக்கிறது. 40 ரூபாய்க் கதைப் புத்தகத்துக்காக ஓர் ஆசிரியர் நடுங்க வேண்டியதில்லை என்ற செய்திதான் பள்ளிகளை எட்டவில்லை.

சீர்காழியில் பிறந்து உலக நூலகவியலுக்கே இலக்கணம் வகுத்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் இதைப் பற்றி விரிவாகவே எழுதினார். கணித ஆசிரியராக இருந்த அவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானவர். நூலக அறிவியலின் ஐந்து விதிகளைச் சொல்லும் அவருடைய நூலில், புத்தகங்கள் பயன்படுத்துவதற்காகவே இருக்கின்றன என்பது முதல் விதி. இடைக்கால ஐரோப்பாவில் நூல்களைச் சங்கிலியால் கட்டி வைத்த வழக்கத்தை நினைவூட்டிவிட்டு, அந்த மனநிலை பிற்கால நூலகங்களிலும் எப்படித் தொடர்ந்தது என்பதை அவர் காட்டுகிறார். முதல் விதியை நிறைவேற்ற அவர் ஆராய்வது நான்கை: நூலகம் இருக்கும் இடம், திறந்திருக்கும் நேரம், மேசை நாற்காலி அலமாரிகள், பணியாளர். தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகும் பள்ளி நூலகங்களைச் சோதிக்க இந்த நான்கு கேள்விகளே போதும்.

ஃபிஜியில் 250 புத்தகங்கள்

வாசிப்பினால் என்ன பயன் என்ற கேள்விக்கு அனுபவத்திலிருந்து பலரும் விடை சொல்வார்கள். அளந்து சொன்ன விடைகளும் இருக்கின்றன. 2000ஆம் ஆண்டில் 15 வயது மாணவர்களிடம் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு நடத்திய பிசா தேர்வின் தரவுகளை வைத்து, 2002இல் ஓர் அறிக்கை வெளியானது. பெற்றோர் செய்யும் தொழிலின் நிலை தாழ்ந்திருந்தாலும் ஆர்வத்தோடு நிறைய வாசிக்கும் மாணவர்கள் வாசிப்புத் தேர்வில் சராசரியாக 540 மதிப்பெண் பெற்றிருந்தார்கள். பெற்றோர் உயர்ந்த தொழிலில் இருந்தும் வாசிப்பில் நாட்டமில்லாத மாணவர்கள் பெற்றது 491. குடும்பத்தின் வசதி ஒரு குழந்தைக்குத் தரும் முன்னிலையை வாசிப்புப் பழக்கம் ஈடுகட்ட முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எண்களைக் காண்பது அரிது.

அந்தப் பழக்கத்தைப் பள்ளியில் உண்டாக்க முடியுமா? 1980களின் தொடக்கத்தில் ஃபிஜித் தீவுகளின் கிராமப் பள்ளிகளில் வார்விக் எல்லி, ஃபிரான்சிஸ் மங்குபாய் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். எட்டுப் பள்ளிகளின் 4, 5ஆம் வகுப்புகளுக்குக் குழந்தைகள் விரும்பும் வண்ணப் படக் கதைகளாக 250 ஆங்கிலப் புத்தகங்கள் கொடுக்கப்பட்டன. அந்தக் குழந்தைகளுக்கு ஆங்கிலம் தாய்மொழி அல்ல. சில வகுப்புகளில் ஆசிரியர் பெரிய எழுத்துப் புத்தகத்தை எல்லாரும் பார்க்கும்படி வைத்துச் சேர்ந்து படித்தார். வேறு சில வகுப்புகளில் குழந்தைகள் தினமும் 20 முதல் 30 நிமிடம் தமக்குப் பிடித்ததை மௌனமாகப் படித்தார்கள். மற்ற பள்ளிகளில் வழக்கமான இலக்கணப் பயிற்சியும் மனப்பாடமும் தொடர்ந்தன.

புத்தகம் கிடைத்த வகுப்புகள் வாசித்துப் புரிந்துகொள்வதில் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் முன்னேறின. இரண்டாம் ஆண்டில் அந்த முன்னேற்றம் எழுதுவதற்கும் இலக்கணத்துக்கும் பரவியது. எல்லியும் அவருடன் பணியாற்றியவர்களும் இதே முறையைப் பின்னர் சிங்கப்பூர், இலங்கை, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளிலும் முயன்று நல்ல விளைவுகளைக் கண்டார்கள்.

ஃபிஜியில் வேலை செய்தது புத்தகங்கள் மட்டும்தான் என்று சொல்லிவிட முடியாது. அந்தப் புத்தகங்களுக்கென்று தினமும் ஒரு நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த நேரத்தில் வகுப்பாசிரியர் குழந்தைகளோடு இருந்தார். இந்த இரண்டும் எவ்வளவு முக்கியம் என்பது நமக்குப் பக்கத்து மாநிலத்தில் நடந்த ஓர் ஆய்வில் தெரியவந்தது.

கர்நாடகத்தின் கசப்பான முடிவு

கர்நாடகத்தின் அரசுப் பள்ளிகளில் அக்ஷரா அறக்கட்டளை நடத்திய நூலகத் திட்டத்தை இவான் போர்க்கம், ஃபாங் ஹே, லீ லிண்டன் ஆகிய பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். 2012இல் வெளியான அந்த ஆய்வில், எந்தப் பள்ளிக்குத் திட்டம், எதற்கு இல்லை என்பது குலுக்கல் முறையில் முடிவாயிற்று. சில பள்ளிகளில் நூலகம் பள்ளிக்குள்ளேயே இருந்தது. மற்ற பள்ளிகளுக்கு நூலகர் புத்தகங்களோடு வந்து போனார். 16 மாதங்களுக்குப் பிறகு மொழித்திறன் தேர்வு வைத்துப் பார்த்தபோது, நூலகம் இருந்த பள்ளிகளுக்கும் இல்லாத பள்ளிகளுக்கும் வேறுபாடே இல்லை. நூலகர் வந்து போன பள்ளிகளில் மதிப்பெண் சற்றுக் குறைந்துகூட இருந்தது.

நூலகத்தை நேசிக்கிறவர்கள் இந்த முடிவை ஒதுக்கிவிடக் கூடாது. இதைப் பிலிப்பைன்ஸ் நாட்டின் தார்லாக் மாகாணத்தில் நடந்த இன்னோர் ஆய்வோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அதிலும் லீ லிண்டன் இருந்தார். 100 அரசுப் பள்ளிகளின் 4ஆம் வகுப்பு மாணவர்களிடம் நடந்த அந்த ஆய்வில், பாதிப் பள்ளிகளுக்கு வயதுக்கேற்ற கதைப் புத்தகங்கள் தரப்பட்டன. அதோடு வகுப்பாசிரியர்களுக்குப் பயிற்சியும் தரப்பட்டது. பிறகு 31 நாட்கள், வகுப்பு நேரத்திலேயே, ஒரு வாசிப்பு ஓட்டம். கதையை நடித்துக் காட்டுவது, கேள்வி கேட்டு விளையாடுவது, அன்றன்று படித்த புத்தகத்தைக் குறித்து வைப்பது என்று பள்ளி நாளின் ஒரு பகுதியாகவே அது நடந்தது.

அங்கே வாசிப்பு மதிப்பெண் 0.13 திட்டவிலக்கம் உயர்ந்தது. கல்வி ஆய்வுகளின் அளவுகோலில், ஒரு மாதத்துக்கும் சற்றே கூடிய காலத்தில் கிடைத்த இது மதிக்கத்தக்க உயர்வு. குழந்தைகள் முன்பைவிட அதிகப் புத்தகங்களையும் படித்தார்கள். மூன்று மாதங்கள் கழித்து மீண்டும் அளந்தபோது அந்த உயர்வு 0.06 ஆகக் குறைந்திருந்தது. ஓட்டம் நின்றதும் பலனில் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது.

இரண்டு ஆய்வுகளையும் அருகருகே வைத்தால் வேறுபாடு தெரிகிறது. கர்நாடகத்தில் நூலகத்தை நடத்தியது ஒரு தொண்டு நிறுவனம். வகுப்பாசிரியரின் அன்றாட வேலையில் அது சேரவில்லை. பிலிப்பைன்ஸில் புத்தகத்தைக் கையில் எடுத்தவர் குழந்தையைத் தினமும் பார்க்கும் ஆசிரியர். அவருக்கு எப்படிச் செய்வது என்பது சொல்லித் தரப்பட்டிருந்தது. அதற்கான நேரமும் கால அட்டவணையில் இருந்தது. அந்த நேரம் முடிந்ததும் பலன் சரிந்தது என்பதும் இதையே உறுதி செய்கிறது: வாசிப்பு ஒரு விழா அல்ல, தினசரி வேலை.

ஒரே நகரம், இரண்டு நூலகங்கள்

பொது நூலகங்களிலும் இதே கதைதான். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில், வில்லியம் பென் அறக்கட்டளை 2 கோடி டாலர் கொடுத்துக் கிளை நூலகங்களைப் புதுப்பித்தது. ஏழைப் பகுதி, வசதியான பகுதி என்று பாராமல் எல்லாக் கிளைகளுக்கும் நல்ல புத்தகங்களும் கணினிகளும் போய்ச் சேர்ந்தன. சூசன் நியூமன், டோனா செலானோ என்ற இரு ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் அந்த நூலகங்களில் உட்கார்ந்து, யார் வருகிறார்கள், எதை எடுக்கிறார்கள், எவ்வளவு நேரம் படிக்கிறார்கள் என்று கவனித்துக் குறித்தார்கள்.

வசதியான செஸ்ட்நட் ஹில் பகுதியில் குழந்தையோடு தாயோ தந்தையோ தாத்தாவோ வந்தார்கள். அவர்கள் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்கள், பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினார்கள், கடினமாக இருந்தால் வேறொன்றை எடுத்தார்கள். ஏழைப் பகுதியில் பெற்றோர் வேலைக்குப் போயிருந்தார்கள். குழந்தை தனியாகவோ, தன்னைவிடச் சற்றே பெரிய அக்காவோடோ வந்தது. புத்தகத்தை எடுத்துப் படம் பார்த்துவிட்டு வைத்தது, அடுத்ததை எடுத்தது. இரு பகுதிக் குழந்தைகளும் நூலகத்துக்கு ஆர்வமாகவே வந்தார்கள். வசதிகள் சமமாக்கப்பட்ட பிறகும் அவர்களுக்கு இடையிலிருந்த அறிவு இடைவெளி குறையவில்லை. சில வகைகளில் கூடவும் செய்தது.

வீட்டில் படித்த பெரியவர் இருக்கும் குழந்தைக்கு நூலகம் ஒரு வசதி. அப்படிப்பட்டவர் இல்லாத குழந்தைக்கு நூலகத்திலேயே ஒருவர் இருக்க வேண்டும். முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் குழந்தைகள் நிறைந்த நம் அரசுப் பள்ளிகளுக்கு ஃபிலடெல்ஃபியா சொல்லும் பாடம் இதுதான்.

அந்த ஒருவர் பயிற்சி பெற்ற நூலகராக இருந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கீத் கரி லான்ஸ் தலைமையிலான குழு 1993இல் வெளியிட்ட ஆய்வும் 2000இல் அதைத் தொடர்ந்த ஆய்வும், போதிய நூலகப் பணியாளர்கள் உள்ள பள்ளிகளில் மாணவர்களின் வாசிப்பு மதிப்பெண் கூடுதலாக இருப்பதைக் காட்டின. குடும்பங்களின் வருமான வேறுபாட்டைக் கழித்துவிட்டுப் பார்த்தும் இந்த முடிவு நின்றது. நூலகரும் ஆசிரியர்களும் சேர்ந்து பாடத்தைத் திட்டமிடும் பள்ளிகள் இன்னும் முன்னே இருந்தன. இது தொடர்பைக் காட்டும் ஆய்வே தவிர, காரணத்தை நிறுவும் ஆய்வு அல்ல. ஆனால் பல மாநிலங்களில் திரும்பச் செய்து பார்த்தபோதும் அதே திசையில்தான் விடை வந்தது.

கட்டடத்துக்கும் பணத்துக்கும் பலனே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அமெரிக்கப் பொது நூலகங்களில் செய்யப்பட்ட மூலதனச் செலவுகளை ஆராய்ந்த கில்பின், கார்கர், நென்கா ஆகியோர், புதுப்பித்த பிறகு குழந்தைகள் எடுத்துச் செல்லும் நூல்கள் 21 விழுக்காடும், நூலகத்துக்கு வருவோர் எண்ணிக்கை 21 விழுக்காடும் கூடின என்று கண்டார்கள். சுற்றுவட்டாரப் பள்ளிகளில் வாசிப்பு மதிப்பெண்ணும் 0.02 திட்டவிலக்கம் உயர்ந்தது. கட்டடம் மக்களை வாசல்வரை அழைத்து வருகிறது. அதன் பிறகு நடக்க வேண்டியதை மனிதர்கள்தான் செய்ய வேண்டும்.

சட்டம் இருக்கிறது, வரியும் இருக்கிறது

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு மற்ற மாநிலங்களுக்கு இல்லாத ஒரு தொடக்கம் கிடைத்தது. 1928இல் சென்னை நூலகச் சங்கம் உருவானது. 1931இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். கல்வி அமைச்சராக இருந்த தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் முன்னெடுத்து, ரங்கநாதனின் நெடுநாள் உழைப்பின் பயனாக, 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது.

சட்டத்தின் உயிர்நாடி நூலக வரி. சொத்து வரியோடு சேர்த்து ரூபாய்க்குப் பத்துப் பைசா வசூலித்து, அதை உள்ளாட்சி அமைப்புகள் மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். வசூலான பணம் உரிய காலத்தில் வந்து சேராமல் கோடிக்கணக்கில் நிலுவையில் நிற்பது அவ்வப்போது செய்தியாகிறது. அப்படியும் இந்த வரியால்தான் மாநிலத்தில் 4,600க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இயங்குகின்றன. மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என்று அந்த வலை கிராமம்வரை விரிந்திருக்கிறது.

பெரிய கட்டடங்களும் வந்திருக்கின்றன. 2010 செப்டம்பரில் சென்னை கோட்டூர்புரத்தில் 8 ஏக்கரில் அண்ணா நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. மறு ஆண்டே அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றுவதாக அரசு அறிவித்தபோது வாசகர்கள் வழக்குத் தொடுத்தார்கள், உயர் நீதிமன்றம் தடை விதித்தது. இன்று அதன் குழந்தைகள் பிரிவில் செயற்கை மரத்தின் அடியில் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிறார்கள். 2023 ஜூலையில் மதுரையில் 2 லட்சம் சதுர அடிக்கு மேற்பட்ட பரப்பில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. இரண்டிலும் கூட்டம் குறைவில்லை.

மாவட்ட மைய நூலகங்களில் வேறொரு காட்சியைக் காணலாம். டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வு, காவலர் தேர்வு என்று படிக்கும் இளைஞர்கள் காலையிலேயே வந்து இடம்பிடிக்கிறார்கள். வீட்டில் தனி அறையும் மின்விசிறியும் அமைதியும் கிடைக்காதவர்களுக்கு நூலகத்தின் ஒரு நாற்காலி பெரிய உதவி. சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்க அண்ணா நூலகத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. நூலகம் இவர்களுக்குப் பயன்படுவது நல்லதே. அதே வேளையில், பல கிளைகளில் குழந்தைகளுக்கான மூலை மெல்லச் சுருங்கிப் போயிருப்பதையும் கவனிக்க வேண்டும்.

இந்த வலையின் கடைசிக் கண்ணியில் இருப்பவர் ஊர்ப்புற நூலகர். கதவு திறப்பது, பெருக்குவது, நாளிதழை மேசையில் விரிப்பது, புத்தகம் வழங்குவது எல்லாம் அவர் ஒருவரே. காலமுறை ஊதியம் கேட்டு இவர்கள் நெடுங்காலமாகப் போராடி வருகிறார்கள். குழந்தைக்குப் புத்தகம் தரும் கைக்கே பணிப்பாதுகாப்பு இல்லாத நிலையில், அந்தக் கையிடம் கூடுதலாக எதைக் கேட்க முடியும்?

நுழை, நட, ஓடு, பற

பள்ளிகளில் எதுவும் நடக்கவில்லை என்பது உண்மையல்ல. அனைவருக்கும் கல்வி இயக்கக் காலத்தில் ‘புத்தகப் பூங்கொத்து’ என்ற பெயரில் வகுப்பறை நூலகங்கள் வந்தன. புத்தகங்களைக் கயிற்றில் கொடிபோலத் தொங்கவிட்டு, குழந்தை எட்டி எடுக்கும் உயரத்தில் வைத்த ஆசிரியர்கள் இருந்தார்கள். 2022 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கென்றே ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ ஆகிய இதழ்கள் வருகின்றன. 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் சிறு நூல்களை ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நான்கு படிகளாகப் பிரித்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு ‘நுழை’, தங்குதடையின்றிப் படிப்பவருக்குப் ‘பற’.

இந்தப் பகுப்பு சிறிய விஷயம் போலத் தோன்றலாம், ஆனால் ஆய்வுகள் வற்புறுத்துவது இதைத்தான். ஆறாம் வகுப்பில் இருந்துகொண்டு எழுத்துக் கூட்டிப் படிக்கும் மாணவருக்கு ஆறாம் வகுப்புப் புத்தகம் தண்டனை. அவர் கூச்சமில்லாமல் எடுத்துப் படிக்கக்கூடிய, ஒரு பக்கத்தில் இரண்டே வரி உள்ள, ஆனால் கதை சுவையான புத்தகம் வேண்டும். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ இணையத் தளம் இப்படிப் படிநிலை பிரித்த கதைகளைத் தமிழ் உட்படப் பல மொழிகளில் இலவசமாகத் தருகிறது. யார் வேண்டுமானாலும் இறக்கி, அச்சிட்டு, மொழிபெயர்த்துக்கொள்ளலாம்.

பொது நூலகத் துறையின் ‘நூலக நண்பர்கள்’ திட்டத்தில், நூலகத்துக்கு வர இயலாதவர்களின் வீட்டுக்கே தன்னார்வலர்கள் புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். மேலவாசல் மாட்டு வண்டியின் அதே நோக்கம்தான்.

தடைகளை எடுத்துவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு சிகாகோ நகரைப் பார்க்கலாம். 2019 அக்டோபரில் சிகாகோ பொது நூலகம் தாமதக் கட்டணத்தை அடியோடு நீக்கியது. புத்தகத்தைத் திருப்பித் தராமல் விட்டுவிடுவார்கள் என்று பலரும் அஞ்சினார்கள். நடந்தது வேறு: அடுத்த சில வாரங்களில் திரும்பி வந்த புத்தகங்களின் எண்ணிக்கை 240 விழுக்காடு கூடியது. அபராதத்துக்குப் பயந்து வீட்டிலேயே வைத்திருந்தவர்கள் புத்தகத்தோடு நூலகத்துக்குத் திரும்பி வந்தார்கள். 2021இல் நியூயார்க் பொது நூலகமும் அபராதத்தைக் கைவிட்டது. வாசகரை நம்பியதால் அந்த நூலகங்கள் நட்டப்படவில்லை.

செய்ய வேண்டியவை

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 37,000 அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. நாளையே எல்லாவற்றிலும் நூலகரை நியமிக்க முடியாது. ஆனால் எங்கே தொடங்குவது என்பதை ஆய்வுகள் காட்டிவிட்டன.

தொடக்கப் பள்ளிகளில் நூலகம் வகுப்பறைக்குள் இருக்க வேண்டும். பல பள்ளிகளுக்குப் பொதுவாக ஒருவரை நியமித்து முறை வைத்து அனுப்பும் ஏற்பாடு கர்நாடகத்தில் பயன் தரவில்லை. வகுப்பாசிரியருக்கே பயிற்சி தந்து, கால அட்டவணையில் தினமும் 20 நிமிடம் ஒதுக்குவதே ஃபிஜியும் பிலிப்பைன்ஸும் காட்டிய வழி. இப்போதும் பல பள்ளிகளின் அட்டவணையில் நூலகப் பாடவேளை வாரம் ஒரு முறை இருக்கிறது. தேர்வு நெருங்கினால் அதைக் கணக்குக்கோ அறிவியலுக்கோ எடுத்துக்கொள்கிறார்கள். அந்த வழக்கம் நிற்க வேண்டும்.

உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு முழுநேர நூலகர் வேண்டும். பாடத்துக்குப் பொருத்தமான நூலைத் தேடித் தருவதும், இணையத்தில் உண்மையையும் பொய்யையும் பிரித்தறியக் கற்றுத் தருவதும் பயிற்சி பெற்றவர் செய்யும் வேலை. நூலக அறிவியல் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்போர் மாநிலத்தில் ஏராளம்.

தொலைந்த, கிழிந்த நூல்களைக் கழிப்பதற்கான எளிய விதியை ஒவ்வொரு தலைமையாசிரியருக்கும் எழுத்தில் தர வேண்டும். தணிக்கை செய்கிறவர் வழங்கல் பதிவேட்டையும் கேட்டுப் பார்க்க வேண்டும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒரு பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 முதல் 20,000 ரூபாய்வரை நூலக மானியம் வருகிறது. அந்தப் பணத்தில் வாங்கும் நூல்களை, அவற்றைப் படிக்கப்போகும் குழந்தைகளையும் கேட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். பக்கத்திலுள்ள கிளை நூலகத்தில் எல்லா மாணவர்களையும் உறுப்பினராக்கி, மாதம் ஒரு முறையாவது ஆசிரியர் அவர்களை அங்கே அழைத்துப் போக வேண்டும்.

இவ்வளவுக்கும் ஆள் எங்கே, பணம் எங்கே என்று கேட்பவர்களுக்கு இந்த மாநிலத்தின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை விரிவாக்கியபோது பள்ளிக்கு அரிசியும் பருப்பும் மட்டும் போகவில்லை. ஒவ்வொரு மையத்துக்கும் ஓர் அமைப்பாளரும் சமையலரும் உதவியாளரும் நியமிக்கப்பட்டார்கள். 2022இல் வந்த காலை உணவுத் திட்டத்திலும் சமைப்பதற்கு மகளிர் சுய உதவிக் குழுவினர் இருக்கிறார்கள். சோற்றைச் சமைத்துப் பரிமாற ஆள் வேண்டும் என்று புரிந்துகொண்ட அரசு, புத்தகத்துக்கும் ஆள் வேண்டும் என்பதைப் புரிந்துகொள்வதில் என்ன தடை இருக்க முடியும்?

சொத்து வரி ரசீதை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதில் நூலக வரி என்ற வரியைப் பார்க்கலாம். அது நீங்கள் ஏற்கெனவே கட்டிய பணம். உங்கள் பகுதிக் கிளை நூலகத்துக்குப் போய்க் குழந்தைகள் பிரிவு எங்கே என்று கேளுங்கள். உங்கள் ஊர் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், சென்ற மாதம் எத்தனை புத்தகங்கள் பிள்ளைகளின் வீட்டுக்குப் போயின என்று கேளுங்கள். அந்தக் கேள்வி மாதந்தோறும் கேட்கப்படும் பள்ளியில் பீரோ பூட்டிக் கிடக்காது.